புது லென்சுக்கு ஓய்வு

"ஆ காட்டு. நாக்க நீட்டு. இன்னும் நீட்டு. மிச்சத்த யாருக்கு வச்சிருக்க?"

காலை ஆறே கால். ஆயாக்கொட்டகை வாசலில் பார்பரா ஆயா டார்ச் விளக்கோடு நிற்கிறார். எதிரே வரிசையாக ஐந்து பிள்ளைகள். நாக்கு, நகம், காதுக்குப் பின்புறம், கடைசியில் கண். கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, மூச்சை நிறுத்திப் பார்ப்பார். பிறகு "போ" என்பார். "போ" கிடைக்காத பிள்ளை உள்ளே போக முடியாது. அதன் தாய் பெரட்டுக்குப் போக முடியாது. பேர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடும் பெரட்டு ஆறரைக்கு முடிந்துவிடும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பனியில் கால் மாற்றி மாற்றி நின்றபடி, தங்கள் பிள்ளை தேறுமா என்று தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சை முடிவு வரும் நாளில்கூட அந்தத் தோட்டத்தில் இவ்வளவு பதற்றம் இருப்பதில்லை.

கொட்டகை என்பது பேருக்குத்தான். சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் போட்ட ஒரே அறை அது. சுவரில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து வரைந்துவிட்டுப் போன வாத்து ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கோழி என்கிறார்கள், ஆயா திருத்துவதில்லை. நாற்பது பிள்ளைகளுக்காகக் கட்டிய அறையில் இப்போது ஐந்து பேர். மலையில் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள்.

பார்பராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். மேல் ஸ்வெட்டரில், நர்சுகள் குத்திக்கொள்ளும் தலைகீழ்க் கடிகாரம். அது ஓடவில்லை. கேட்டால், "ரெஸ்ட்ல இருக்கு" என்பார். இளவயதில் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு தனியார் கிளினிக்கில் பதினான்கு மாதம் வேலை பார்த்தார். பஞ்சு சுருட்டுவது, தரை துடைப்பது, நம்பர் கூப்பிடுவது. அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போய் முப்பது வருடம் ஆகிறது. ஆனால் பேச்சு வெயிலில் தொடங்கினாலும் வெள்ளரிக்காயில் தொடங்கினாலும், "நான் மெடிக்கல் லைன்ல இருந்தவ லா" என்ற இடத்துக்கு இரண்டாவது நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடும்.

டாக்டர்களை அவர் தலைமுடியை வைத்து எடை போடுகிறார். நரைத்தவர்கள் டாக்டர்கள். நரைக்காதவர்கள் "படிக்கிற பிள்ளைங்க". அவரிடம் உள்ள மருந்துகள் மூன்று: தைலம், உப்புத் தண்ணீர், ரெஸ்ட். இவற்றில் பெரியது ரெஸ்ட். காய்ச்சலுக்கு ரெஸ்ட். புருசன் பெண்டாட்டி சண்டைக்கு ரெஸ்ட். கொட்டகையின் ரைஸ் குக்கர் பழுதானபோது அதற்கும் இரண்டு நாள் ரெஸ்ட். மூன்றாம் நாள் அது வேலை செய்தது. வயர் சரியாகச் செருகப்படாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டிய தோட்ட அலுவலகக் கணக்கர் நாகரத்தினம் கிராணியை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாதா கோயிலுக்குப் போகிறவர். பாலைக் கொடுக்கும் முன் பிள்ளைகளைக் கைகூப்ப வைத்து ஜெபம் சொல்வார். அது முடிந்ததும், இந்துத் தாய்மார்கள் குட்டி டப்பாவில் கொடுத்துவிட்ட திருநீற்றை எடுத்து அந்தந்தப் பிள்ளைக்குப் பூசிவிடுவார். இதைப் பற்றிக் கேட்ட கோயில் கமிட்டிக்காரரிடம் சொன்னார்: "ஒரு ஜாகாக்காரன் காவல் இருக்கிற ஃபேக்டரிய விட ரெண்டு ஜாகாக்காரன் இருக்கிற ஃபேக்டரி நல்லதுதான? அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. நீங்க போங்க."

போன வருடம் மார்ச் மாதம் ஒரு காலையில், தனுஜா என்ற நாலு வயதுப் பிள்ளையின் இடது கண்ணில் டார்ச் நின்றுவிட்டது.

"கண்ணுக்குள்ள ஜவ்வரிசி இருக்கு" என்றார் பார்பரா.

பிள்ளையின் தாய் சசிரேகா குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சசிரேகா கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடிக்கிறவர். மெஷினுக்கு இரண்டு முனை. ஒருவர் வராவிட்டால் இன்னொருவரும் சும்மா நிற்க வேண்டும்.

"ஆயா, நேரமாச்சு ஆயா. சாய்ந்தரம் பாக்கலாம்."

"கறுப்புக்கு நடுவுல வெள்ளை. ஆஸ்பத்திரில காட்டாம உள்ள விடமாட்டேன்."

தனுஜாவின் அப்பா லோகேஸ்வரன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். "பால் நெறயா குடிக்கிறா, அதான் வெள்ளையா தெரியுது" என்பது அவருடைய கருத்து. நாகரத்தினம் கிராணி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து, கண்ணைப் பார்க்காமலேயே தீர்ப்பு சொன்னார்: "கண்ணுல பூ விழறது கெழடுங்களுக்கு. நாலு வயசுல வந்தா அது டிவி." பார்பரா அசையவில்லை. மூன்று நாள் காலையில் தனுஜாவுக்கு "போ" கிடைக்கவில்லை. மூன்று நாள் மெஷினின் இன்னொரு முனையைப் பிடிக்கிற பெண் சசிரேகாவைத் திட்டினார். நாலாம் நாள் சசிரேகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து கடிதம் கொடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்புரை என்றார்கள். பிள்ளைகளுக்கும் வரும் என்றார்கள்.

பார்பரா சொன்னது சரி. இதில் மறுப்பதற்கு எதுவுமில்லை. அந்த டார்ச் இல்லாவிட்டால், பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் அடிக்கும் வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபரேஷன் ஆகஸ்டில் நடந்தது. கலங்கிப்போன லென்சை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் புது லென்சு வைத்தார்கள். எங்கள் வேலை முடிந்தது, இனிமேல்தான் உங்கள் வேலை என்றார் டாக்டர். அவர் மலாயில் சொன்னதைச் சுபத்ரா மிஸி தமிழில் சொன்னார். நர்சுக்கு இந்த ஊரில் மிஸி என்று பெயர்.

"இந்தக் கண்ணு இத்தன நாளா சும்மா இருந்துச்சு. மூள அத மறந்துருச்சு. புது லென்சு வச்சாச்சுன்னு மூளைக்கு யாரு போய்ச் சொல்றது? நல்ல கண்ண மூடுனாத்தான் வேற வழியில்லாம இதால பாக்கும். வலது கண்ணுல பிளாஸ்தர், அதுக்கு மேல கண்ணாடி. தெனம் ஆறு மணி நேரம். முட்டிக்குவா, அழுவா, பாவம் பாக்காதீங்க. ஏழு எட்டு வயசு வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள இந்தக் கண்ணு பழகலன்னா அப்புறம் எந்த லென்சு வச்சும் புண்ணியமில்ல."

சசிரேகா அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினார். தோட்டத்துக்கு வந்து பார்பராவிடம் மூன்றாம் முறை சொன்னார். பார்பரா கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் கண்ணை மூடித் தலையாட்டினால், தனக்கு ஏற்கனவே தெரிந்த விஷயத்தை இன்னொருவர் சொல்லும்போது காட்டும் பொறுமை அது.

அந்த மாதங்களில் பார்பராவின் புகழ் உச்சத்தில் இருந்தது. தோட்டத்தின் வருடாந்திர விருந்தில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவருக்கு ஒரு பரிசுக்கூடை கொடுத்தார். பிஸ்கட் டின்னும் பார்லி பாட்டிலும் மஞ்சள் காகிதத்துக்குள் பளபளத்தன. நாகரத்தினம் கிராணி அதைப் படமெடுத்து, 'எஸ்டேட் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தன்னுடைய டிவி கண்டுபிடிப்பைப் பற்றி அதில் எதுவும் எழுதவில்லை. பிறகு பார்பரா டார்ச்சோடு, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் புறப்பட்டார். ஒரே மாதத்தில் பதினோரு பேருக்குக் கண்ணில் ஜவ்வரிசி கண்டுபிடித்தார். பன்னிரண்டாவது, துரை வீட்டு நாய். பதினோரு பேரும் துரை கொடுத்த வேனில் தானா ராத்தாவுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கு உண்மையிலேயே இருந்தது. ஒன்பது பேருக்கு டார்ச் வெளிச்சத்தில் கண் கூசியிருந்தது. இரண்டு பேரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஒன்பது பேரும் எதுவும் பேசுவதில்லை. வேனில் போனதற்குத் துரைக்கு நன்றி சொன்னார்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம், ஆபரேஷன் செய்த இடது கண்ணின் மேல்தான் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. பார்பரா அதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். செப்டம்பரில் மூடி போய், வலது கண்ணில் பிளாஸ்தர் வந்தது. முதல் நாள் காலை, பிளாஸ்தரும் கண்ணாடியுமாகத் தனுஜாவை வாசலில் விட்டுவிட்டுச் சசிரேகா பெரட்டுக்கு ஓடினார். தனுஜா நாலு எட்டு வைத்தாள். கதவு நிலையில் முட்டி உதடு கிழிந்தது. பால் நேரத்தில் டம்ளரில் கால் வைத்தாள். பிறகு சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "ஆயா, லைட்டு போடுங்க" என்று அழுதாள்.

பகல் எட்டு மணி. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பார்பராவால் தாங்க முடியவில்லை. "என்னால தாஹான் பண்ண முடியல" என்று பிற்பாடு சொன்னார். பிளாஸ்தரை மெதுவாக உரித்து, எச்சில் தொட்டு, இடது கண்ணில் ஒட்டினார். தனுஜா சுற்றிலும் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தை எடுத்தாள். பிள்ளை ஓடுகிறது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஈப்போவில் இருக்கிற படிக்கிற பிள்ளைகள் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள், அல்லது சசிரேகா மாற்றிக் கேட்டுவிட்டாள். கண்ணாடியும் அப்படியே. ஓடி விளையாடும்போது விழுந்தால் ரோசாக் ஆகிவிடும், உடைந்தால் யார் பதில் சொல்வது? அது பரிசுக்கூடையில் வந்த பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாகப் போனது.

சசிரேகா இரண்டரைக்கு வருவார். இரண்டு மணிக்குப் பார்பரா பிளாஸ்தரை மறுபடி வலது கண்ணுக்கு மாற்றி, கண்ணாடியை எடுத்து மாட்டி, முகத்தைத் துடைத்துத் தயாராக உட்கார வைத்துவிடுவார். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். ஞாயிறு தவிர எல்லா நாளும். பசை விட்டுப்போனால் ஓரத்தில் ஒட்டுவதற்கென்றே பார்மசியில் ஒரு டேப் வாங்கி வைத்துக்கொண்டார், தன் சொந்தக் காசில்.

இதை நேரில் பார்த்த ஒரே ஆள் நாகரத்தினம் கிராணி. ஒரு நாள் காலை பால் மாவு கொண்டுவந்தவர், பிளாஸ்தர் இடம் மாறுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன பார்பராம்மா, அந்தக் கண்ணுலதான ஒட்டச் சொன்னாங்களாம்?"

"கிராணியாரே, நீங்க புது மோட்டார் எடுத்தீங்கள்ல?"

"எடுத்தேன்."

"எடுத்த உடனே ஈப்போவுக்கு முறுக்கிக்கிட்டுப் போனீங்களா?"

"சேச்சே. மொத ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும். இல்லன்னா எஞ்சின் போயிரும்."

"இரும்புக்கே அப்படி. இது பச்சப்புள்ள கண்ணு. புது லென்சு பாசாங் பண்ணியிருக்கான். மாட்டுன உடனே ஆறு மணி நேரம் ஓட்டுன்னா என்னா ஆவும்? ரெஸ்ட் வேணாமா?"

கிராணி யோசித்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில் அப்போது எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடியிருந்தது. "ஞாயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பால் மாவை வைத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் ஈப்போவுக்குப் போனபோது, முன்னேற்றம் இல்லை என்றார் டாக்டர். பிளாஸ்தர் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்றார் சசிரேகா. வீட்டுக்கு வந்து லோகேஸ்வரனோடு சண்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுவது அவர்தான் என்று சந்தேகம். உண்மையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தனுஜா நாள் முழுக்க முட்டிக்கொண்டாள், அழுதாள், சோற்றுத் தட்டைத் தடவினாள்.

"மத்த நாள்ல இப்படி இல்லியே ஆயா? ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் முட்டிக்கிறா?" என்று சசிரேகா கேட்டார்.

"ஒங்க வீட்ல சாமான் ஜாஸ்தி லா" என்றார் பார்பரா.

அதோடு நிற்கவில்லை. கண் ஏன் தேறவில்லை என்ற விசாரணைக்கு அவரே தலைமை தாங்கினார். லோகேஸ்வரன் லோரியிலிருந்து கொண்டுவரும் முட்டைக்கோசில் மருந்து அடிக்கிறார்கள், அது ஒரு காரணம். பிள்ளை இடது பக்கம் படுத்துத் தூங்குகிறது, அது இரண்டாவது. பனி மூன்றாவது. சசிரேகா முட்டைக்கோசை நிறுத்தினார். பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்தார். பனியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிப்ரவரியில் மறுபடி ஈப்போ. டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டு, தூரத்தில் அட்டையைக் காட்டினார். அதில் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படங்கள். தனுஜா எல்லாவற்றுக்கும் "வீடு" என்றாள். டாக்டர் அட்டையைக் கிட்டே கொண்டுவந்தார். "வீடு." அட்டையை மடியில் வைத்துவிட்டு வெறும் கையைக் காட்டினார். "வீடு."

டாக்டர் சசிரேகாவைப் பார்த்தார். சுபத்ரா மிஸி குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லுங்க. திட்ட மாட்டாங்க. போடறதில்லதான?" என்றார்.

"சாமி சத்தியமா போடறேங்க மிஸி. தெனம் காலையில அஞ்சரைக்கு ஒட்டறேன். ஆயாக்கொட்டகைலகூட அதோடதான் இருக்கா. படமே இருக்கு. இருங்க காட்டறேன்."

சீனப் பெருநாளுக்குத் துரை ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்த படம் அது. நாகரத்தினம் கிராணி குழுவில் போட்டிருந்தார். முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் கைகூப்பியிருந்தார்கள். சசிரேகாவும் கைகூப்பியிருந்தார். முன்வரிசையில் தனுஜா, கையில் பழம், கண்ணில் பிளாஸ்தர்.

"பாத்தீங்களா?" என்றார் சசிரேகா, வழக்கில் ஜெயித்த குரலில்.

டாக்டர் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சில கைப்பேசிகளில் இடம் வலம் மாறித் தெரியும் என்று மிஸி சொன்னார். டாக்டர் படத்தை நகர்த்திப் பின்னால் இருந்த பேனரைக் காட்டினார். எழுத்துகள் நேராக இருந்தன. பிளாஸ்தர் இடது கண்ணில் இருந்தது. கண்ணாடி இல்லை.

மிஸி தனுஜாவின் முன்னால் குந்தினார். "கண்ணு, பிளாஸ்தர எங்க ஒட்டுவாங்க?"

"அம்மா இங்க." வலது கன்னத்தைத் தொட்டாள். "ஆயா இங்க." இடது. "அப்புறம் அம்மா வர முன்ன இங்க." மறுபடி வலது.

"இத ஏம்மா நீ யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல" என்றாள் தனுஜா.

சசிரேகா கைப்பேசியைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தார். பை மூடவில்லை. மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்.

வேன் தோட்டத்துக்குத் திரும்ப நாலு மணி ஆனது. மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பார்பரா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க டாக்டரு? தேறிருச்சா?"

"எந்தக் கண்ணுல ஒட்டுனீங்க ஆயா?"

"எந்தக் கண்ணுலன்னா? சீக்கான கண்ணுலதான்."

"நான் காலையில எதுல ஒட்டி விடறேன்?"

பார்பரா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நீண்ட நாள் காப்பாற்றிய ஒரு பெருந்தன்மையை வெளியே சொல்ல வேண்டி வந்துவிட்ட சங்கடம்தான் இருந்தது.

"நீ தப்பா ஒட்டற சசி. தெனமும் தப்பாத்தான் ஒட்டிக் கொண்டாந்து விடற. நான் ஒரு வார்த்த ஒன்ன கேட்டிருப்பேனா? சின்னப் பொண்ணு, மனசு சங்கடப்படும்னுதான், நீ வர்றதுக்குள்ள நீ ஒட்டுன மாதிரியே திருப்பி ஒட்டி வச்சேன். கிராணியக் கேளு."

"டாக்டர்தான் ஆயா நல்ல கண்ண மூடச் சொன்னாங்க. ஒங்ககிட்ட வந்து சொன்னேனே."

"எந்த டாக்டரு? அந்தச் சின்னப் பொண்ணா?"

சசிரேகா தனுஜாவைக் கதவருகே நிறுத்தினார். பின்னால் நின்று, தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார்.

"தனு, ஆயா எங்க நிக்கறாங்க? காட்டு."

பார்பரா வாயைத் திறந்தார். சசிரேகா விரலை உதட்டில் வைத்தார். "பேசாதீங்க ஆயா. பேசுனா சத்தத்த வச்சுச் சொல்லிருவா."

வெளியே பனி இறங்கி, அறை மங்கியிருந்தது. தனுஜா கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் அவளுடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு கையை நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில், ஆணியில் பார்பராவின் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பார்பரா எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்தார்.

"ஆயா!" என்று தனுஜா மழைக்கோட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

சசிரேகா கையை எடுத்தார். "இவளுக்கு அஞ்சு வயசு ஆவப்போவுது. அஞ்சு மாசம் போச்சு ஆயா" என்றார். சத்தம் போடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தோட்டம் இரண்டு நாள் கொதித்தது. நாகரத்தினம் கிராணி தனக்கு எதுவும் தெரியாது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். யாரும் கேட்பதற்கு முன்பே எழுதினார். பிள்ளைகளின் கண் நலத்துக்காக ஒரு குழு அமைக்கப்பட்டது. கிராணி தலைவர். முதல் கூட்டத்தில் கறிபாப்பும் தேநீரும் வழங்கப்பட்டன. இரண்டாவது கூட்டத்தின் தேதி இன்னும் முடிவாகவில்லை. பார்பராவை மாற்ற வேண்டும் என்றார்கள் சிலர். யாரைப் போடுவது என்று துரை கேட்டார். அந்தச் சம்பளத்துக்கு, அந்தக் குளிரில், காலை ஆறு மணிக்கு ஐந்து பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க யாரும் கை தூக்கவில்லை. மெஷினின் இன்னொரு முனை காத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை சசிரேகா தனுஜாவை அதே வாசலுக்குத்தான் கொண்டுவந்தார். வேறு வாசல் இல்லை. இப்போது தினமும் எட்டு மணி நேரம், டாக்டர் கூட்டியிருந்தார். தேறும் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அன்று பார்பரா டார்ச்சை அடிக்கவில்லை. தனுஜாவின் வலது கண்ணில் இருந்த பிளாஸ்தரின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "போ" என்றார். சசிரேகா உடனே போகவில்லை. பெரட்டுக்குப் பேர் கூப்பிடும் சத்தம் கேட்கும் வரை நின்றார். பிறகு போனார்.

அடுத்த மூன்று வாரத்தில் பார்பரா இந்த விஷயத்தில் தோட்டத்தின் பேச்சாளர் ஆகிவிட்டார். சுற்றுலாக்காரர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தால்கூட நல்ல கண்ணை மூடுவது பற்றி இரண்டு வார்த்தை கேட்காமல் போக முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை, கீழ் டிவிஷனிலிருந்து இரண்டு பெண்கள் மாறுகண் உள்ள ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் காட்ட வந்தார்கள்.

"சீக்கான கண்ண மூடவே கூடாது" என்றார் பார்பரா. "நல்ல கண்ணத்தான் மூடணும். மூளைக்கு வேற வழி வைக்கக் கூடாது. நெறயா பேருக்கு இது தெரியாது. நான் மெடிக்கல் லைன்ல இருந்ததால சொல்றேன்."

"மாத்தி மூடிருவாங்களா ஆயா?"

"மூடறாங்களே லா. பாவம் பாக்கறேன்னு சொல்லி, புள்ள கண்ணையே கெடுத்துர்றாங்க."

"ஐயையோ. படிக்காத ஜனங்களா இருக்கும்."

பார்பரா அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது சுவரைத் தடவிக்கொண்டு தனுஜா வந்தாள். பெஞ்சின் மூலையில் முழங்கால் இடித்தது. அழவில்லை. கையை நீட்டி முன்னால் துழாவினாள். ஸ்வெட்டரின் கம்பளி தட்டுப்பட்டதும் நின்றாள். அங்கே நின்று, ஐந்து மாதம் ஒவ்வொரு காலையும் நின்ற மாதிரி, முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள்.

"மாத்துங்க ஆயா."

வந்த பெண்கள் பார்பராவைப் பார்த்தார்கள். பார்பராவின் கை தனுஜாவின் கன்னம் வரை போயிருந்தது. சுட்டுவிரல் நகம் பிளாஸ்தரின் ஓரத்தைத் தொட்டது.

"மாத்துங்க ஆயா. இருட்டா இருக்கு."

பார்பரா பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தார். பிறகு இடது கையையும் மறுபக்கம் வைத்து, இரண்டின் மேலும் தன் முழுக் கனத்தோடு உட்கார்ந்துகொண்டார்.